நகராத எலக்ட்ரானுக்கு ஒரு தாங்கி

கட்டையன் அந்த இயந்திரத்தின் மேல் சாய்ந்தது காலில் ஏறிய சிராயைப் பிடுங்குவதற்காக. அதைத் தவிர அவனுக்கும் விஞ்ஞானத்துக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஆள் குள்ளம், தோள் அகலம். அதனால் சுமைதூக்கும் கூட்டத்தில் அவனுக்கு அந்தப் பெயர். கனமான பெட்டியைச் சரிவில் இறக்கும்போது அடியில் நிற்க ஒருவன் வேண்டும். மேலே இருப்பவர்கள் கை நழுவவிட்டாலும் அவன் அசையக் கூடாது. அந்த இடம் எப்போதும் கட்டையனுக்குத்தான். அன்றைக்கு லாரியில் வந்தது ஒரு காந்தம். ஆராய்ச்சி நிறுவனத்தின் பின்பக்கச் சுருள்கதவை ஏற்றிவிட்டு, இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி, கடப்பாரையால் நெம்பி நெம்பி அந்தப் பெட்டியை ஆய்வுக்கூடத்தின் நடுவில் கொண்டுவந்து இறக்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால், பெட்டிப் பலகையிலிருந்து கிளம்பிய சிராய் நேராக அவன் குதிகாலில் ஏறியது.

பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஓர் எஃகு உருண்டை நின்றது. அதைச் சுற்றிக் குழாய்களும் ஒயர்களும் தொங்கின. கட்டையன் அதில் தோளைச் சாய்த்து, இடது காலைத் தூக்கி வலது முழங்கால்மேல் போட்டு, நகத்தால் சிராயைப் பிடித்து இழுத்தான். அந்த நொடியில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி வீல் என்று கத்தினாள்.

திரையில் ஒரு கோடு. பலகை போட்ட மாதிரி மட்டமான கோடு.

அந்தக் கோட்டுக்காகத்தான் அந்தக் கட்டடமே கட்டியிருந்தார்கள். அங்கே ஆராய்ந்தது ஒரே ஓர் உலோகத்தை. அது அடுக்கடுக்காக வளர்ந்த படிகம். ஒவ்வொரு அடுக்கிலும் அணுக்கள் பிரம்புக் கூடைப் பின்னல் மாதிரி முக்கோணமும் அறுகோணமுமாக உட்கார்ந்திருக்கும். மற்ற உலோகங்களில் எலக்ட்ரான்கள் சந்தைக்கடைத் தெருவில் ஜனங்கள் போல முட்டி மோதி ஓடும். அவற்றின் ஆற்றலைப் படமாகப் போட்டால் மேடும் பள்ளமுமாக வரும். இந்தப் பின்னலில் மட்டும் சில எலக்ட்ரான்கள் எங்கும் போக முடியாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடும் என்றும், அப்போது படத்தில் ஒரு பட்டை மட்டும் தட்டையாக வரும் என்றும் கணக்கில் இருந்தது. திரையில்தான் வரவே இல்லை. வருஷக்கணக்காக வந்ததெல்லாம் ஈரத்துணியால் தேய்த்தது போன்ற ஒரு தீற்றல்.

நிறுவனத்தின் இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரும் எதையும் தொடாதீங்க! இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்!"

"சார், நான்?" என்றான் கட்டையன், காலைக் கையில் பிடித்தபடி.

"நீங்களும்தான்!"

வாசலில் இருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "டேய், வர்றியா இல்லையா? லாரிக்காரன் கத்தறான்."

"இருங்கண்ணே, கால இறக்கலாமான்னு கேட்டுக்கறேன்."

கேட்டான். பதில் வருவதற்குள் லாரி போய்விட்டது. தூசி வரக் கூடாதென்று சுருள்கதவை இறக்கி, இடுக்குகளில் பசை பூசி அடைத்தார்கள்.

சாயங்காலம் விசாரணை.

"சிராய் அந்த நேரத்துல கால்ல இருந்துதா, வெளிய வந்துடுச்சா?" என்று இயக்குநர் கேட்டார்.

"பாதி வந்துடுச்சு சார். அந்தப் பொண்ணு கத்துன கத்துல மீதியும் வந்துடுச்சு."

"கோடு தெரிஞ்சப்ப நீங்க என்ன நிலைமையில இருந்தீங்க?"

"கோட்டப் பத்தி எனக்கென்ன சார் தெரியும். எனக்கு வலி."

"வலி," என்றார் இயக்குநர். உதவியாளர் எழுதிக்கொண்டார். "சிராய் இப்ப எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

முனைவர் பட்டம் வாங்கிய இரண்டு பேர் முட்டி போட்டு, டார்ச் அடித்து, இடுக்கியோடு தரை முழுக்கத் தேடினார்கள். மூன்று சிராய்கள் கிடைத்தன. மூன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினார்கள். எது உண்மையான சிராய் என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் விட்டுவிடுவார்கள் என்று கட்டையன் நினைத்தான். மறுநாள் ஒரு முக்காலி வந்தது. தூக்கிய காலை வைத்துக்கொள்ள. இயக்குநர் அவனுக்குப் பொறுமையாகவே விளக்கினார். ஒன்றைத் திரும்பச் செய்து காட்ட முடிந்தால்தான் அது விஞ்ஞானம். திரும்பச் செய்ய வேண்டுமென்றால் முதலில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் இருந்தாக வேண்டும்.

"ஒரு தடவ இவரு இல்லாம எடுத்துப் பாக்கலாமே சார்," என்று மாணவி கேட்டாள். "அன்னிக்குக் காந்தப் பெட்டியும்தான் வந்துது. அந்தக் கனத்துல தரை ஆடறது நின்னிருக்கலாம்."

"எடுத்துப் பாத்து, கோடு போயிடுச்சுன்னா? பதில் நீ சொல்வியா?"

அவளுடைய ஆய்வேடு இயக்குநரின் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது. அவள் திரும்பித் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்குமுறையாக நடந்தது. அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கக் கூடாது. தாடியை எடுக்கக் கூடாது. எடை மாறக் கூடாது. காலையில் தராசில் ஏற்றுவார்கள். குறைந்திருந்தால் ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள். கூடியிருந்தால் அன்று காலைச் சாப்பாடு கிடையாது. ஒருநாள் கட்டையன் நின்றபடியே அழுதான். கண்ணீரால் எடை குறைகிறதா என்று தராசில் நிறுத்திப் பார்த்தார்கள். குறையவில்லை. அழுவதற்கு அனுமதி கிடைத்தது.

படம் எடுக்காத நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம். அந்த அறையில் பம்புகளும் இருந்தன. எல்லாவற்றையும் துடைக்க வரும் ஆள் நூல் பிரியாத துணியால் பம்புகளைத் துடைத்துவிட்டுக் கட்டையனையும் துடைத்தான். "கோச்சுக்காதீங்கண்ணே, உங்க மேலயும் நம்பர் ஒட்டியிருக்கு," என்றான். ஒட்டித்தான் இருந்தது. சட்டைப் பையின் மேல்.

கண்டுபிடிப்பு பெரிய சஞ்சிகையில் வெளியானது. அதில் கருவியின் படம் வரைந்திருந்தார்கள். உருண்டைக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு கட்டம், அதன் கீழே "பக்கவாட்டுத் தாங்கி" என்று குறிப்பு. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தாங்கி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு எழுதினார்கள். எங்களிடம் இருப்பது ஒன்றுதான் என்று இயக்குநர் பதில் போட்டார்.

கட்டையனுக்கு இருந்த அவசரம் வேறு. அவன் மனைவிக்குத் தொலைவில் வேறோர் ஊரில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வேலையோடு ஓர் அறை வீடும் உண்டு. அதே ஊர்க் கிடங்கில் அவனுக்கும் வேலை சொல்லி வைத்திருந்தாள். இருக்கிற வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை சாமான் ஏற்ற லாரி வரும். மனைவி, மகள், கட்டில், பாத்திரம், எல்லாம் அதில் போகும். அவன் போக வேண்டும். அவ்வளவுதான்.

கூடத்துக்குள் கைபேசி கூடாது. மாணவிதான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து சொல்வாள்.

"அண்ணி கேக்கறாங்க, அவரு அங்க என்னதான் பண்றாருன்னு."

"சாஞ்சு நிக்கறேன்னு சொல்லும்மா."

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"அத வீட்டுலயே பண்ணலாமேன்னாங்க."

கட்டையன் நிர்வாக அதிகாரியிடம் முறையிட்டான். அவர் கோபப்படவே மாட்டார். முகத்தில் எப்போதும் ஒரு கனிவு.

"வெளிய போறதுக்கு இங்க தடையே கெடையாதுப்பா. அட்டையக் காட்டுனா கதவு தெறக்கும்."

"எனக்கு அட்ட இல்லயே சார்."

"அட்டை ஊழியர்களுக்கு. இல்லன்னா பார்வையாளர்களுக்கு. நீ ரெண்டுலயும் வரல. ஊழியரா ஆகணும்னா நேர்முகத்துக்கு வரணும்."

"வர்றேன் சார்."

"அது எதிர்க் கட்டடத்துல நடக்குது."

"அங்க எப்படிப் போறது?"

"அட்டையக் காட்டித்தான்." அவர் கட்டையனின் தோளைத் தட்டப் போய், அளவு மாறிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். போன மாசம் நானே அட்டைய மறந்து வெச்சுட்டு ராத்திரி பூரா மாடிப்படியில படுத்துக் கெடந்தேன். காவலாளி எனக்குத் தெறந்துவிடவே இல்ல. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா?"

அடுத்து வந்தவர் பாதுகாப்பு அதிகாரி. தானாகவே வந்தார், முகம் சிவக்க.

"இந்த அறையில எந்த மனுஷனும் எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது! யாரு உங்கள இங்க விட்டது?"

கட்டையனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அதத்தான் சார் நானும் சொல்றேன். அனுப்பிவிடுங்க."

அதிகாரி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகத்தின் சிவப்பு இறங்கியது. "நீங்க மனுஷன்னா இந்த நிமிஷமே வெளிய போகணும். ஆனா நீங்க மனுஷன்னா, இத்தன நாளா இங்க நடந்தது பெரிய விதிமீறல். இந்த நிறுவனத்துல விதிமீறல் நடந்ததே இல்ல. வாசல்ல பலகையே வெச்சிருக்கோம்."

"அப்ப?"

"நான் உங்க பக்கம்தான்," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மஞ்சள் நாடாவை அவனைச் சுற்றித் தரையில் வட்டமாக ஒட்டினார். அதிர்வுள்ள கருவிகளைச் சுற்றி ஒட்டும் நாடா அது.

வெள்ளிக்கிழமை நன்கொடையாளர்கள் வந்தார்கள். இயக்குநர் கட்டையனுக்கு முன்னால் நின்று உரை நிகழ்த்தினார்.

"ஜனங்க நெனைக்கிறாங்க, நகராத எலக்ட்ரானை யாரோ பிடிச்சுக் கட்டி வெச்சிருக்காங்கன்னு. அப்படியில்ல. அதச் சுத்திச் சுவர் கெடையாது, பூட்டு கெடையாது. எல்லாப் பக்கமும் வழி தெறந்திருக்கு. ஆனா ஒரு வழியா அது வெளிய கால வெச்சா, இன்னொரு வழியா வர்ற அலை அத அழிச்சிடும். ஒவ்வொரு வழியும் இன்னொரு வழிய ரத்து பண்ணிடும். முழுச் சுதந்திரம். ஆனா இருந்த எடத்துலயே இருக்கும். பலவந்தமே இல்லாத ஒழுங்கு! எங்க நிறுவனமும் அப்படித்தான் நடக்குது. இங்க யாரும் யாருக்கும் உத்தரவு போடறதில்ல. எல்லாரும் அனுமதி மட்டும்தான் குடுப்போம்."

நன்கொடையாளர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கட்டையனின் முக்காலியைத் தொட்டுப் பார்த்து, மரம்தானா என்று கேட்டார்.

அன்று மாலை மாணவி வந்து சொன்னாள். "அண்ணே, நாளைக்குச் சரிபார்ப்புக் குழு வருது. வேற ஒரு எடத்துல இதே படிகத்த வெச்சு, தாங்கி எதுவும் இல்லாமலே இதே கோட்ட எடுத்துட்டாங்களாம். நம்மள சோதிக்கப் போறாங்க. உங்கள விலகச் சொல்லிப் பாப்பாங்க."

"நான் இல்லாம கோடு வந்துடுச்சுன்னா?"

"நீங்க வேணாம்னு ஆயிடும்."

கட்டையன் அன்று நன்றாகத் தூங்கினான். வேணாம் என்று ஒருவர் சொல்வதற்காக அவன் வாழ்நாளில் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

சனிக்கிழமை காலை குழு வந்தது. அதன் தலைவி ஒல்லியான அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் விலகி நில்லுங்க."

கட்டையன் இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் கூரையைப் பார்த்தார். கட்டையன் முக்காலியிலிருந்து காலை எடுத்தான். தோளைப் பிரித்தான். மஞ்சள் வட்டத்தைத் தாண்டி நின்றான். மாணவி பொத்தானை அழுத்தினாள்.

கோடு வந்தது. அதே கோடு. மட்டமாக, இம்மிகூடப் பிசகாமல்.

குழுத் தலைவி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

"அப்ப நான் போலாமா?" என்றான் கட்டையன்.

"தாராளமா," என்றார் நிர்வாக அதிகாரி. "ஆனா ஒரு சின்ன விஷயம். நீ வேணும்னு ஆகியிருந்தா உன்ன அனுப்ப முடியாது. அது தெரிஞ்சதுதான். இப்ப வேணாம்னு ஆயிடுச்சு. வேணாத ஒண்ண இத்தன நாளா ஏன் வெச்சிருந்தோம்னு விசாரண வரும். விசாரணைக்கு முக்கியமான சான்று நீதான். சான்ற வெளிய அனுப்பக் கூடாதில்லையா?"

அந்த நேரத்தில்தான் அவன் மனைவி உள்ளே வந்தாள். வாசலில் சண்டை போட்டுப் பார்வையாளர் அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன கோலம் இது? தாடியும் அழுக்குச் சட்டையுமா! சாமியாராப் போறதுன்னா சொல்லிட்டுப் போறதுதானே?"

"துவைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"லாரி வாசல்ல நிக்குது. பாப்பா முன்னாடி சீட்ல உக்காந்திருக்கா. மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரலன்னா அந்த ரூம வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. கெளம்புங்க." அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவரு உங்களுக்கு வேணுமா வேணாமா?"

"அது ஆழமான கேள்வி," என்றார் இயக்குநர்.

"எங்களுக்கு ஆழம்லாம் தெரியாது. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"யாரும் தடுக்கலம்மா," என்றார் நிர்வாக அதிகாரி. "நாங்க தடுத்தோம்னு எங்கயும் சொல்லிடாதீங்க," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். உண்மையிலேயே யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். கட்டையனுக்குக் கால் கூசியது. இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து அவ்வளவு தூரம் நடந்து மாசக்கணக்காகிவிட்டது.

வாசலுக்கு முன்னால் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருந்தது. ஒரு கதவு மூடி, உடம்பில் உள்ள தூசியைக் காற்று ஊதித் தள்ளிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். அவள் அட்டையைக் காட்டினாள். முதல் கதவு திறந்தது. அவனையும் உள்ளே இழுத்தாள்.

"அண்ணி, வேணாம்!" மாணவி ஓடிவந்தாள். "ஒரு அட்டைக்கு ஒரு ஆளுதான். தரை எடை பாக்கும். ரெண்டு பேரா நின்னா ரெண்டு கதவும் பூட்டிக்கும். தெறக்கணும்னா நிர்வாகக் குழு கூடணும்."

"எப்பக் கூடும்?"

"அடுத்த மாசம்."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நீளமாக அடித்தான். கூண்டின் வாசலில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகக் கட்டையன் நின்றான்.

அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். "இத மாட்டிக்கிட்டு நீங்க போங்க. நான் இங்க இருக்கேன். சாஞ்சு நிக்கத்தானே வேணும், நான் நிக்கறேன்."

"வேல உன் பேர்ல. ரூமு உன் பேர்ல. நான் போயி நின்னா சாவி குடுப்பாங்களா?"

"பேசிப் பாருங்க."

"பேசிப் பேசித்தான் இங்க நிக்கறேன்."

ஹாரன் மறுபடி அடித்தது. அவன் அட்டையை வாங்கி அவள் கழுத்திலேயே திரும்ப மாட்டினான். பாரம் ஏற்றும்போது பெட்டியைத் தள்ளிக் கொடுப்பது போல, இரண்டு உள்ளங்கையாலும் அவள் முதுகைத் தள்ளி உள்ளே விட்டான்.

"போற எடத்துல எதுலயும் சாஞ்சுடாத," என்றான்.

வாசலிலிருந்த காலை எடுத்துக்கொண்டான். கதவு மூடியது. கூண்டுக்குள் காற்று ஊதி அவள் தலைமுடி பறந்தது. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு எதையோ சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த கதவு திறந்தது. அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

கட்டையன் காலிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி நடந்தான். அந்தப் பெரிய கூடத்தில் உடம்பைக் கொண்டுபோய் வைக்க அவனுக்கு வேறு இடம் எதுவும் தெரியவில்லை. மஞ்சள் வட்டத்துக்குள் போனான். எஃகு உருண்டையில் தோளைக் கொடுத்தான். இடது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தான்.

அதுவரை வெளிறிப்போயிருந்த இயக்குநரின் முகத்தில் ரத்தம் ஓடியது. அவர் குழுவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? யாராவது தடுத்தோமா? யாராவது கூப்பிட்டோமா? வாசல் வரைக்கும் போனார். தானாத் திரும்பி வந்துட்டார்! பலவந்தமே இல்லாத ஒழுங்குன்னு இத்தன வருஷமா நான் இதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்!"

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கட்டையனை நெடுநேரம் பார்த்தார்.

"இத இந்த அளவுக்கு யாரும் செஞ்சு காட்டினதில்ல," என்றார். மற்ற உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். "இன்னொரு படம் எடுத்துடலாம்."

"ஏம்மா," என்று கட்டையன் மாணவியைக் கூப்பிட்டான். "லாரி போயிடுச்சான்னு மட்டும் கொஞ்சம்..."

"உஷ்," என்றார் இயக்குநர். "அசையாதீங்க."

மாணவி அவனைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள்.